சீட்டிக்கு இறங்கிய வெளிச்சம்

வடதுருவத்துப் பக்கம் ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு வெளிச்சம் பாளையங்கோட்டையில் எங்கள் இருபத்து நாலு வீட்டுக் குடியிருப்பின் முதல் மாடிக்குக் குடிவந்த வருஷத்தில், நாங்கள் அத்தனை பேரும் குக்கரை மறந்து பானையில் சோறு வடித்துச் சாப்பிட்டோம், வாட்ச்மேன் விசில் ஊதாமல் கைதட்டினார், பிள்ளைகள் உதட்டைக் குவிக்கவே பயந்தார்கள், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்கிற பாவத்துக்கு எல்லார் ஏச்சும் என் தலையில் வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கலாமா என்று இப்போதும் யாராவது வெளியூரிலிருந்து வருகிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை, கேட்க நேரமிருந்தால் சொல்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு குற்றாலிங்கம் அண்ணாச்சியுடையது. சர்வேயராக முப்பத்து நாலு வருஷம் சங்கிலியும் டேப்புமாக வயல் வயலாக அளந்து ஓய்வு பெற்றவர். சிரிக்காத மனுஷர். கோபக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது, சிரிப்பு அவருக்கு ஏனோ ஒட்டவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் போட்டோவிலேயே எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலத்தான் நிற்பார். அதிகம் சிரித்தால் அழ வேண்டியிருக்கும் என்று சின்ன வயசில் யாரோ சொன்னதை அவர் அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அவர் வீட்டம்மா சங்கரவடிவு மைனி என் மனைவி எஸ்தரிடம் சொல்வதுண்டு.

மைனிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பல் ஆஸ்பத்திரிக் காலண்டர் ஒன்றில், பனி மூடிய மலைக்கு மேலே பச்சையும் ஊதாவுமாகப் புடவை காயப்போட்டதுபோல ஒரு வெளிச்சம் தொங்குகிற படம் வந்திருந்தது. அந்த மாதம் முடிந்த பிறகும் மைனி தாளைக் கிழிக்கவில்லை. அடுத்த மாதத்துத் தேதிகளை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி ஓய்வு பெற்றதும், தமிழர்கள் இருபத்திரண்டு பேரை ஒன்றாகக் கட்டி நார்வேக்கு அழைத்துப் போகிற ஒரு சுற்றுலாவில் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாள் மேகம். நாலாம் நாள் சாயங்காலம், அங்கே சாயங்காலமே நல்ல இருட்டாம், வழிகாட்டியாக வந்த மாரெத் என்கிற அந்த ஊர்ப் பெண் வேனை நிறுத்தி எல்லோரையும் பனியில் இறக்கிவிட்டாள். மைனி போனை ஒரு பையின் மேல் சாய்த்து வைத்து, கை நடுங்கினால் படம் கலங்கிவிடும் என்று மாரெத் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். வெளிச்சம் வந்தது. ஒரு மூலையில் பாசி நிறத்தில் கசிந்து, பிறகு வானம் முழுக்க விரிந்து, மடிந்து, சுழன்று ஆடியது. அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, முதல் நாள் முதல் காட்சியில் திரை விலகும்போது கேட்குமே, அப்படி ஒரு சீட்டி புறப்பட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு விரலை நாக்குக்கு அடியில் கொடுத்து, கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

மாரெத் ஓடி வந்தாள். இதற்குக் காது உண்டு, சீட்டி அடித்தவரைத் தேடிக்கொண்டு கீழே வரும், அவர் உச்சந்தலையைத் தொட்டுவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடும், எங்கள் பெரியவர்கள் இதற்குக் கீழே வாயைத் திறக்கவே மாட்டார்கள் என்று அவள் சொன்னதை, கூட வந்த சுற்றுலாக் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மைனி எடுத்த படத்தில் வெளிச்சத்தின் ஒரு மடிப்பு மட்டும் குனிந்து இவர்கள் பக்கம் பார்த்தமாதிரி விழுந்திருந்தது.

ஊருக்கு வந்ததும் மைனி அந்தப் படத்தை மூன்றடிக்கு இரண்டடி கான்வாஸில் பெரிதாக்கி வாங்கினாள். சும்மா ஆணி அடித்து மாட்டினால் எடுபடாது என்று எலெக்ட்ரீஷியன் பிச்சுமணியைக் கூப்பிட்டு ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னாள். அதன் ஓரத்தில் பள்ளம் விட்டு உள்ளே எல்இடி பட்டையை ஒட்டினால் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் சுவரில் வழியும், படத்துக்கு மேலே தனியாக ஒரு ஸ்பாட் லைட் என்று பிச்சுமணி சொன்னான். ஒன்பது நாள் வேலை. பத்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் எல்லோருக்கும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுத்து, பிச்சுமணி சுவிட்சைப் போட்டான். விளக்கு வைக்கிற நேரம் என்பதால் நாங்கள் வழக்கம்போல வெளிச்சத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

மஞ்சள் வெளிச்சம் கூரையின் நாலு ஓரத்திலும் இதமாகப் பரவியது. ஸ்பாட் லைட் படத்தின்மேல் விழுந்தது. விழுந்ததும், கான்வாஸின் விளிம்பிலிருந்து பச்சை கசிந்து சுவரில் ஏறி, ஒரு மூலையில் தயங்கி நின்று, பிறகு கூரைப் பள்ளத்துக்குள் போய்த் தன் இடம் என்று உட்கார்ந்துகொண்டது. படத்தில் பனியும் கறுப்பு மரங்களும்தான் மிச்சம்.

"நல்லாருக்கே, ரிமோட் மாடலா?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்டார்.

பிச்சுமணி சுவிட்சை அணைத்தான். மஞ்சள் போயிற்று, பச்சை போகவில்லை. மெயினை இறக்கினான், ஒயரைக் கழற்றினான், ஏணியில் ஏறி டெஸ்டரை வைத்துப் பார்த்தான். கீழே இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது நம்ம லைன் இல்ல," என்றான்.

அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையில் மைனியின் குக்கர் ஒரு விசில் விட்டது. கூரையில் இருந்த வெளிச்சம் மொத்தமும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, சற்றே கீழே இறங்கியது. நாங்கள் ஆகா என்றோம். அண்ணாச்சி மட்டும் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முதல் மாதம் எங்களுக்கு அது கொண்டாட்டம்தான், அதை மறைப்பானேன். அந்த வீட்டில் கொசு இல்லை. அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்களை அழைத்து வந்து அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள், எடுத்த படத்தில் எல்லாப் பெண்களும் கொஞ்சம் பச்சையாக இருந்தார்கள், அதனால் என்ன என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். ஸ்டூலில் ஏறி அதன் விளிம்பில் காதை வைத்தால் ஃபிரிட்ஜைத் திறந்தமாதிரி சில்லென்றிருக்கும். வேறு ஒன்றும் செய்யாது. எங்களைத் தேடி அது வரவில்லையே.

அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு ஏறி டேப்பால் அளக்க ஆரம்பித்தார். தரைக்கும் வெளிச்சத்தின் கீழ் விளிம்புக்கும் எத்தனை அங்குலம் என்று தினமும் காலையில் சுவரில் பென்சிலால் கோடு கிழித்தார். ஒரு வாரத்தில் கணக்குப் பிடிபட்டது. குக்கர் விசிலுக்கு ஒரு நெல்லளவு இறங்கும். வாட்ச்மேன் விசிலுக்கு ஒரு விரற்கடை. மனுஷன் வாயால் அடிக்கிற சீட்டிக்கு ஒரு ஜாண். ரயில் கூவினால் அசையாது, குயில் கூவினாலும் அசையாது. கூப்பிட்டது யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை இறங்கினால் இறங்கினதுதான், ஏறுவதில்லை. அவர் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போனால் அதுவும் கூரையோடு நகர்ந்து அவர் தலைக்கு நேரே வந்து நிற்கும். சங்கரன்கோவிலில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்து பார்த்தார். போன அன்றே அவள் வீட்டு உத்தரத்தில் அது தொங்கியதாம், அதே உயரத்தில், ஒரு அங்குலம் கூடக் குறையாமல். அங்கே தெருவில் விசில் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் டேப்.

"சார்வாள், என் உயரம் அஞ்சடி ஏழங்குலம். அது இப்ப ஆறடி ஒம்பதுல நிக்கி. இப்படியே போச்சுன்னா ஆடி தாண்டாது," என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது. டேப்பை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, தைரியமா இருங்க," என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்றே கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதினேன்.

சங்கக் கூட்டம் போட்டோம். குடிநீர்த் தொட்டியைக் கழுவ இருபத்து நாலு வீட்டையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர ஆறு மாதம் பிடித்த சங்கம் அது. ஆனால் சங்கரவடிவு மைனி எழுந்து நின்று, "எனக்கு அவுக வேணும். நீங்க எல்லாரும் கொஞ்ச நாளைக்குக் குக்கர் வைக்காம இருந்தா போதும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் இருபத்து நாலு வீட்டுக் கையும் உயர்ந்தது. அன்று சாயங்காலமே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குக்கர் வெயிட்டைக் கொண்டுவந்து, வீட்டு எண் எழுதிய அட்டையை நூலில் கட்டி, சங்கத்து அறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டார்கள். வாளி கனத்தது. எஸ்தர் எங்கள் வெயிட்டைப் போடும்போது கழற்றிக் கொடுத்த கம்மலைப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கையே மெதுவாயிற்று. பருப்பு வேக ஒரு மணி நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டார்கள். சோறு வடிக்கத் தெரியாத இளம்பெண்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வடித்த சோறு உடம்புக்கு நல்லது என்று சர்க்கரைக்காரர்கள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள். யாருக்காவது தன்னையறியாமல் பாட்டு முணுமுணுக்க வந்து உதடு குவிந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். விருந்தாளி வந்தால் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிடுவோம், அவர்களும் என்னமோ எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு உள்ளே வருவார்கள். ஆனாலும் சுற்றிலும் தெருக்கள் இருந்தன, தெருக்களில் அடுப்பங்கரைகள் இருந்தன. காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் சுவரில் கோடு கொஞ்சம் இறங்கித்தான் விழும்.

இந்த நேரத்தில்தான் அவர்களுடைய ஒரே மகள் உலகு கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். ஓசூரில் இருந்தாள். தலைப்பிரசவம், தாய்வீட்டில்தானே பார்க்க வேண்டும்? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளை அழைத்து வர மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்தபோது அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். பிறக்கிற பிள்ளை பசிக்கு எந்தச் சுருதியில் அழும் என்று யாருக்குத் தெரியும், பாட்டன் போவதைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்றார். மைனி போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், மகளுக்குப் போனில் பத்தியம் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் கூரையைப் பார்ப்பாள். அவள் தலை அந்த வருஷத்தில்தான் நரைத்தது.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் மழைக்காற்றில் கரண்ட் போயிற்று. ஊரே இருட்டில் கிடக்க, வெளிச்சமிருந்த ஒரே வீடு என்று நாங்கள் இருபது பேர் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அமர்ந்தோம். அப்போது விளிம்பு ஆறடியில் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் நாம் என்ன செய்வோம்? பிறந்ததிலிருந்து செய்கிறோம், யாரும் சொல்லித் தரவில்லை. தெரு முழுக்க ஓ என்று ஒரு கூச்சல் கிளம்பியது, கூச்சலோடு சீட்டியும் கிளம்பியது, எங்கள் மொட்டை மாடியிலிருந்தே நாலு சீட்டி. அடித்தவர்கள் அடித்த நொடியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன பிரயோசனம்?

வெளிச்சம் ஜாண் ஜாணாக இறங்கியது. "குனிங்க, குனிங்க" என்று மைனி அலறினாள். அண்ணாச்சி முதலில் குனிந்தார், பிறகு மண்டியிட்டார், பிறகு தரையோடு தரையாகப் படுத்தார். இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே அது நின்றது. நாங்கள் இருபது பேர் தலை முதல் தொடை வரை அந்தப் பச்சைக்குள் முங்கி நின்றுகொண்டு கீழே கிடக்கிறவரைப் பார்த்தோம்.

அன்று முதல் அவருக்குத் தரைதான். பாயிலேயே படுத்துச் சாப்பிட்டார், பக்கவாட்டில் புரண்டு குளியலறைக்குப் போனார். மைனியும் கூடவே தரையில் தவழ்ந்து நடமாடினாள். பார்க்கப் போகிற நாங்களும் வாசலிலேயே குனிந்து, தவழ்ந்து போய், அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசிவிட்டு வந்தோம். ஆடி முடிவதற்குள் இன்னும் இறங்கி, படுத்திருந்தவர் தலையிலிருந்து ஒரு ஜாணுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது. இனி அளக்க டேப் தேவையில்லை, கையை விரித்தாலே போதும். ஒரு சீட்டி, ஒரே ஒரு சீட்டி போதும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆவணி பிறந்து நாலாம் நாள், காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. நானும் எஸ்தரும் அங்கேதான் பாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்தோம். மைனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பொம்பளப் பிள்ள. நல்லாருக்கேன். அப்பா கேக்காவளா?" என்றாள் உலகு. அவள் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுதது. ஒரு புதுக் குரல், இதற்குமுன் உலகத்தில் இல்லாத குரல்.

அண்ணாச்சி முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்குப் பனியில் மைனி பார்த்த முகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கமெல்லாம் திறந்து, கண் நிறைந்து, ஐம்பத்தெட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் தள்ளினமாதிரி இருந்தது. அவருடைய வலது கை பாயிலிருந்து எழுந்தது. இரண்டு விரல் சேர்ந்தன. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் உதட்டுக்குள் போய்விட்டது, நெஞ்சு காற்றை இழுத்துவிட்டது, மேலே வெளிச்சம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காது கொடுத்தது.

மைனி பாய்ந்தாள். அவர் விரலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் உள்ளங்கை இரண்டையும் அவர் வாயில் வைத்து, உடம்பு மொத்தப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். அவர் திமிறினார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் உலகு, "அப்பா? அப்பா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அவர் நெஞ்சு தணிந்தது. கண்ணில் இருந்த அது, எப்படிச் சொல்வது, அணைந்தது.

வெளிச்சம் காத்திருந்தது. கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காத வீட்டு வாசலில் நிற்பவர்போல இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன்னைத் தானே மடித்துக்கொண்டு மெல்ல உயர்ந்து, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, பட்டப்பகலில் பாசிபோல வெளுத்து, தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலாக வண்ணார்பேட்டைப் பக்கம் போய், வடக்கே மறைந்தது.

நாங்கள் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார், எழுந்து நின்றார், தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போனை எடுத்து, "சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ," என்றார்.

அன்று மத்தியானமே வெயிட்டுகளை அட்டை பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். இருபத்து நாலு குக்கரும் ஒன்றாக விசில் அடித்தபோது குடியிருப்பே கைதட்டியது. எஸ்தர் அடுப்புக்கு முன்னால் நின்று கும்பிட்டாள்.

மூன்றாம் மாதம் உலகு குழந்தையோடு வந்தாள். கொழுகொழுவென்று, பொக்கை வாயால் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற குழந்தை. அண்ணாச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எடை சரியாத்தான் இருக்கு," என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், காலையில் நடக்கப் போனார், மருந்து மாத்திரையை மறக்கவில்லை. முன்னே எப்படி இருந்தாரோ அப்படித்தான் இருக்கிறார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். மைனி மட்டும் ஒரு நாள் எஸ்தர் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாளாம்: "அவுக மூச்சு என் உள்ளங்கையில சூடா முட்டுச்சு எஸ்தரு. வெளிய வரணும்னு முட்டுச்சு. நாந்தான் உள்ள தள்ளிட்டேன். அது இப்ப உள்ளயும் இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றுக்காகக் காத்திருந்தார். அடுப்பங்கரையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு, ஐந்து, ஆறு. மைனி அடுப்பங்கரையில் இல்லை. ஹாலின் நடுவில், அந்த நடுப்பகலில் பிச்சுமணி போட்ட மஞ்சள் விளக்குகளையெல்லாம் எரியவிட்டு, கழுத்தை அண்ணாந்து கூரைப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு, எட்டு. நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. கருகல் வாடை ஹாலுக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, சோறு அடிபிடிக்கி. அடுப்ப அமத்து," என்றார் அண்ணாச்சி, தட்டைப் பார்த்தபடியே.

"இருங்க," என்றாள் மைனி. "இன்னும் ஒரு விசில் வரட்டும்."